ரெஷ்மா கண்ட மதில்

நான் ஒருத்தரைப் புகழ்ந்து பேசிக் கேட்டவர்கள் பொழியூரில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். மீன் விற்கிறவளுக்கு வாய் இனித்தால் வியாபாரம் நடக்காது என்பது என் கொள்கை. ஆனால் என் கொழுந்தன் சிஜோவின் மனைவி ரெஷ்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் என் நாக்கு எனக்கே துரோகம் செய்துவிடும். இத்தனைக்கும் கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அவளைப் பிடிக்காது. ஒரு வார்த்தை கேட்டால் அரை வார்த்தை பதில் சொல்லுகிறவளோடு எப்படிச் சண்டை போடுவது?

எங்கள் வீடும் அவர்கள் வீடும் அடுத்தடுத்து. என் வீட்டுக்காரர் நிக்கோலஸும் தம்பி சிஜோவும் வீடு கட்டியபோது எங்களுக்கும் கடலுக்கும் நடுவில் இரண்டு வரிசை வீடுகளும் ஒரு ரோடும் இருந்தன. ரோட்டை முதலில் கடல் எடுத்தது. பிறகு வீடுகளை எடுத்தது. அதில் என் மாமனாரின் வீடும் ஒன்று. இப்போது நாங்கள்தான் முதல் வரிசை. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் கடலைத் தடுக்கக் கல் போட்டிருக்கிறார்கள். கேரளத்தில் இருக்கிற எங்களுக்கும் கல் வரும் என்று தேர்தலுக்குத் தேர்தல் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போவார். அப்படிச் சொன்னவர்களின் ஃபிளெக்ஸ்களைத்தான் வாசலில் அடுக்கிய மணல் மூட்டைகளின் மேல் போர்த்தியிருக்கிறோம். அந்த வகையில் அவர்களால் உபயோகம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ரெஷ்மாவின் அடுக்களை கடலைப் பார்த்தது. போன வருஷம்தான் அதில் நீலப் பூப்போட்ட டைல்ஸ் பதித்தாள். கடல் வாசலில் நிற்கும்போது யாராவது டைல்ஸ் பதிப்பார்களா என்று நான் கேட்டதற்கு, "ஆசையா இருந்து அக்கா" என்றாள். அவ்வளவுதான் பதில்.

மே மாதம் எங்களுக்கு மாதாவின் வணக்கமாதம். சாயங்காலமானால் கடற்கரைக் குருசடியில் பெண்கள் கூடி ஜெபமாலை சொல்வோம். குருசடி என்றால் சிலுவையும் மாதா சொரூபமும் வைத்த சின்னக் கோயில். முன்னால் நின்று சொல்பவள் மெற்றில்டா. அவள் குரல் மைக் இல்லாமலே பாறசாலை வரை போகும், ஆனாலும் மைக்கை விடமாட்டாள். அன்றைக்குச் சூரியன் இறங்குகிற நேரம், தண்ணீர் முழுக்கத் தகடாக மின்னியது. ரெஷ்மா காலையில் பாலில்லாத ஒரு கட்டன்சாயாவோடு என்கூட மீன் விற்கச் சந்தைக்கு வந்தவள், மதியமும் ஒன்றும் சாப்பிடவில்லை. ஜெபமாலையின் மூன்றாம் இரகசியத்தின் நடுவில் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, எனக்கு மெற்றில்டா அக்காவுக்க மூஞ்சி காணேல்ல."

"குடுத்து வச்சவ நீ" என்றேன்.

"வெளையாடாதீங்க. பாதி மூஞ்சி இல்ல. அந்த எடத்துல என்னமோ மினுங்குது."

சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டாள். கடலைப் பார்த்துக் கையை நீட்டினாள். பயத்தில் அவள் குரல் ஏறிவிட்டது. "மதிலு. கடலுல ஒரு மதிலு நிக்குது. கோணல் கோணலாட்டு. அய்யோ, வளருது."

மெற்றில்டாவின் கையில் மைக் திறந்திருந்தது. ரெஷ்மா சொன்னது கடற்கரை முழுக்கக் கேட்டது. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஆண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

மெற்றில்டா மைக்கோடு கிட்டே வந்தாள். "மதிலா? எந்த நெறத்துல மக்கா?"

"வெள்ளை. ஓரத்துல நீலமும்."

வெள்ளையும் நீலமும் யாருடைய நிறம் என்று எங்கள் ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். ஒருத்தி "அம்மே மாதாவே" என்று மண்ணில் விழுந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் விழுந்தார்கள். நடுவில் ரெஷ்மா மட்டும் தலையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். அதை ஒருத்தரும் பொருட்படுத்தவில்லை. நான்தான் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய் ஜன்னலை அடைத்துப் படுக்க வைத்தேன். வலது பக்கத் தலையை யாரோ உள்ளிருந்து இடிக்கிறமாதிரி இருக்கிறது என்று முனகிக்கொண்டே கிடந்தாள்.

காலையில் கதவைத் திறந்தால் வாசலெல்லாம் மெழுகுவர்த்தி. மாதா கடலில் மதில் கட்டிக் காட்டினாள், இனிக் கடல் ஏறாது என்று ஊர் முடிவு செய்துவிட்டது. அரசாங்கம் தராத கல்லை அம்மை தருகிறாள் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? கடல் பெருகினால் பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போகிறோம் என்று ஒத்துக்கொண்டிருந்த முன்வரிசைக்காரர்கள், கட்டி வைத்த மூட்டைகளை அவிழ்த்துப் பாத்திரங்களைப் பழையபடி அடுக்கிவிட்டார்கள். கோயில் சாமியாரான அச்சன் மட்டும், இந்த மாதிரி விஷயங்களைச் சபை நிதானமாக விசாரிக்கும், அதுவரை யாரும் அவசரப்படாதீர்கள் என்று பூசையில் சொன்னார்.

"அச்சன் விசாரிச்சுத் தீருததுக்குள்ள கடலு கோயிலுக்க உள்ள வந்து முட்டுக்குத்தி நிக்கும்" என்றாள் மெற்றில்டா. அவள் வீடு கோயிலுக்கும் பின்னால். கடல் அங்கே போய்ச் சேர அவள் பேரப்பிள்ளைகள் காலமாகும். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், அவள் வேஷம் போடவில்லை. அவள் புருஷனைக் கடல் கொண்டுபோன நாளிலிருந்து அந்தக் கடல் ஒருநாள் அடங்க வேண்டும் என்று ஜெபம் செய்துகொண்டிருக்கிறவள் அவள்.

எனக்கு ஆச்சரியம் என் வீட்டுக்காரர்தான். நிக்கோலஸ் வள்ளத்தில் எஞ்சின் பிடிக்கிறவர். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் கோயிலுக்குப் போவார், அதுவும் கடைசி வரிசைக்கு. அப்படிப்பட்ட மனிதர் அன்று காலை ரெஷ்மாவின் வாசலில் போய் நின்று கேட்டார்.

"கோணல் கோணலாட்டு எண்ணு சொன்னியே மோளே. பல்லு பல்லாட்டா?"

"ஆமா அண்ணே."

"முதல்ல நடுவுல ஓட்டை மாதிரி ஒண்ணு வந்துதா?"

"ஆமா."

 திரும்பிக் கடலைப் பார்த்தார். பிறகு கடையில் ஒரு பாக்கெட் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு நேரே குருசடிக்குப் போனார். அன்றிலிருந்து ஜெபமாலையில் முதல் ஆள் அவர்தான். வயதான பிறகு அம்மை போட்டால் கடுமையாகப் போடும் என்பார்களே, அந்தமாதிரி பக்தி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஃபிரிட்ஜையும் துணிமணியையும் உதியன்குளங்கரையில் என் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் வைப்போம் என்றதற்கு, "அம்மை காட்டினது கள்ளமாவாது. நான் எங்கயும் வரேல்ல" என்று சொல்லிவிட்டார். அவர் நகரவில்லை என்றால் வரிசையில் யாரும் நகர மாட்டார்கள். கடலைப் பற்றி அவர் சொன்னால் ஊர் கேட்கும்.

ரெஷ்மா என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

"எனக்கு அறிஞ்சூடா அக்கா" என்றாள், தெரியாது என்று உதட்டைப் பிதுக்கி. "ஒருவேளை சத்தியமாட்டு இருந்தா?"

சொல்லும்போது அவள் கண் அடுக்களை டைல்ஸின் மேல் இருந்தது. அந்த மதில் யாருக்கு வேண்டுமோ இல்லையோ, அவளுக்கு வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். அமரவிளைச் சந்தையில் நானும் அவளும் அருகருகே உட்கார்ந்திருந்தோம். முன்னால் அலுமினியச் சருவத்தில் சாளை. உச்சி வெயில் அலுமினியத்தில் பட்டுக் கண்ணில் அடித்தது. முந்தின ராத்திரி வாசலில் நடந்த ஜெபத்தால் அவள் சரியாகத் தூங்கவும் இல்லை.

"அக்கா, வருது."

"என்னது, பஸ்ஸா?"

"மதிலு."

 சந்தையில் ஒருத்தி கத்தி, நாலு பேர் முட்டுக்குத்தி மண்டியிட்டால் என் மீனை யார் வாங்குவது? ஆனால் அவள் கத்தவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள். வலது கண்ணைக் கையால் பொத்தினாள், எடுத்தாள். இடது கண்ணைப் பொத்தினாள். பிறகு இரண்டையும் இறுக மூடிக்கொண்டாள்.

"ரெண்டையும் மூடினாலும் உண்டு" என்றாள், தனக்குத்தானே பேசுகிறமாதிரி. கண்ணைத் திறந்து சாளையைப் பார்த்தாள். "மீனுக்க மேல உண்டு." எதிரே வந்து நின்ற பஸ்ஸைப் பார்த்தாள். "பஸ்ஸுக்க மேலயும் உண்டு. நான் பாக்குத எடமெல்லாம் கூட வருது."

அந்த நேரம் பார்த்து ஒரு வாத்தியார் வந்து சாளை என்ன விலை என்றார். பாதி முகம் மட்டுமே தெரிகிற அந்த மனிதருக்கு அவள் விலையும் சொன்னாள், மீனும் போட்டுக் கொடுத்தாள். அவர் போன பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அமரவிளையில கடலே இல்லியே."

 எனக்கு அந்த நிமிஷம் அவள் காலைத் தொட்டுக் கும்பிடலாம்போல் இருந்தது. ஊர் முழுக்க அவளைத் தூக்கி மேலே வைத்திருக்கிறது. பிள்ளைகளைக் கொண்டுவந்து தலையில் கை வைக்கச் சொல்கிறார்கள். நானாக இருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், அந்த உயரத்திலிருந்து இறங்கியிருக்கவே மாட்டேன். அவளை நம்பாத ஒரே ஆளாக அவளே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் போய்த் தலையிடி வந்துவிட்டது. ஈரத் துண்டை நெற்றியில் கட்டிக்கொண்டு, "நாளைக்கு ஒரு டாக்டரைக் காணணும்" என்றாள்.

நெய்யாற்றின்கரையில் ஒரு பெண் டாக்டரைப் பார்த்தோம். என் மகள் அபினாவின் வயதுதான் இருக்கும் என்று தோன்றியது. ஆனால் கேள்வி கேட்கிற விதத்தில் பொறுமை இருந்தது. கையைத் தூக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார், கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். பேச்சு குழறியதா, கை மரத்ததா என்று கேட்டார். முதல்முறை என்பதால் ஸ்கேனும் எடுக்க வைத்தார். எல்லாம் பார்த்து முடித்த பிறகு, "பார்த்தது எப்படி இருந்தது, சரியாகச் சொல்லு" என்றார்.

 ரெஷ்மா கழுத்தில் கிடந்த ஜெபமாலையைக் கழற்றி மேசையில் வைத்தாள். மணிகளை விரலால் தள்ளித் தள்ளி, பல்லுப் பல்லாக, பாதி வட்டமாக வளைத்து வைத்தாள். "முதல்ல இங்க ஒரு சின்ன ஓட்டை. பிறவு இப்பிடி விரிஞ்சு விரிஞ்சு, அந்த ஓரம் வழியா வெளிய போவும்."

டாக்டர் அதைப் பார்த்துச் சிரித்தார். "கோட்டை மதில் மாதிரி இருந்ததா?"

ரெஷ்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

டாக்டர் மலையாளத்தில் சொன்னதை நான் எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். இது கண்ணின் கோளாறு இல்லை. கண் கொண்டுவந்து கொடுப்பதை வாங்கிப் பார்க்கிற இடம் மூளையின் பின்பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஓர் அலை கிளம்பி மெல்லப் பரவும். அது நகர நகர வெளிச்சமும் நகரும். அதனால்தான் எந்தக் கண்ணைப் பொத்தினாலும் தெரிகிறது, இரண்டையும் மூடினாலும் போகமாட்டேன் என்கிறது. இருபது நிமிஷம், அரை மணி நேரத்தில் தானாகப் போய்விடும். பின்னாலேயே தலைவலி வரும், சிலருக்கு அதுவும் வராது. இதற்குப் பெயர் மைக்ரேன். பட்டினி, தூக்கமின்மை, கண்கூசும் வெயில், மனக்கவலை, இவை எல்லாம் அதைக் கூப்பிடும். "எங்க ஊருல இது நாலும் தாராளமாட்டு உண்டு" என்று நான் இடையில் சொன்னேன். டாக்டர் அதற்கும் சிரித்தார். வலி தொடங்கும்போதே போட வேண்டிய மாத்திரை எழுதினார். ஒரு கண் மட்டும் இருண்டாலோ, வாய் கோணினாலோ, ஒரு மணி நேரத்துக்கு மேலே போகாமல் நின்றாலோ ஓடி வரவேண்டும், அது வேறு விஷயம் என்றார்.

ரெஷ்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "வேற ஆளுகளும் மதிலு கண்டதுண்டா?" என்றாள்.

"நிறையப் பேர். அந்தக் காலத்து டாக்டர்களே கோட்டை மதில் என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள். போன வாரம்கூட ஒருத்தர், இடுக்கிக்காரர்."

"இடுக்கியில கடலு உண்டுமா?"

"இடுக்கியிலா? மலைதான்."

ரெஷ்மா மேசையிலிருந்த ஜெபமாலையை எடுத்து முத்தமிட்டு கழுத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கு அவளைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் உதியன்குளங்கரை வரை ஜெபமாலை மணிகளை உருட்டிக்கொண்டே வந்தாள். பிறகு சொன்னாள். "சீக்கு, தீனம் தான், பயப்பட ஒண்ணும் இல்லேண்ணதுக்கு சந்தோசம் உண்டு அக்கா. மதிலு இல்லேண்ணதுக்கு சங்கடமும் உண்டு."

"பேசாம இருந்திரு. ஊரு நம்பிட்டுப் போவட்டு."

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மெற்றில்டா சும்மா விடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஊர் தூக்கி வைத்தவளை ஊர் கீழே போடுகிறபோது மெதுவாகப் போடாது. ரெஷ்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நம்பிட்டுப் போவேல்லியே அக்கா. நம்பிட்டு அங்கயே இருக்காவ."

மறுநாள் மத்தியானம் எல்லோருடைய செல்போன்களும் ஒன்றாகக் கத்தின. கள்ளக்கடல் எச்சரிக்கை. காற்று இருக்காது, மழை இருக்காது, எங்கோ தூரத்தில் எழும்பிய அலை சொல்லாமல் கொள்ளாமல் கரையேறும். அதனால்தான் அதற்கு அந்தப் பெயர். சாயங்காலத்துக்குள் ஏறும், முன்வரிசைக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்று கோயில் ஒலிபெருக்கியில் அச்சன் திரும்பத் திரும்பச் சொன்னார். வெயில் நல்லாத்தான் அடித்தது. கடலும் நல்ல பிள்ளைமாதிரி கிடந்தது.

முன்வரிசைக்காரர்கள் வீட்டை விட்டு வரத்தான் செய்தார்கள், ஆனால் பள்ளிக்கூடத்துக்கு அல்ல, குருசடிக்கு. கைக்குழந்தைகள், நடக்க முடியாதவர்கள், எல்லோரையும் கொண்டுவந்து கடலுக்கு நேரே உட்கார வைத்துவிட்டார்கள். நிக்கோலஸ் முதல் ஆளாக, கையில் எரிகிற மெழுகுவர்த்தியோடு இருந்தார். சிஜோ அண்ணனுக்குப் பின்னால் இருந்தான், அவனுக்கு மனைவி சொன்னதும் தெரியும், அண்ணனை மீறவும் தெரியாது. மெற்றில்டா ரெஷ்மாவைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"வா மக்கா. நீ முன்னால இருந்தா அம்மை கேப்பா."

ரெஷ்மா போனாள். ஆனால் உட்காரவில்லை. "அந்த மைக்கைத் தாங்க அக்கா" என்றாள். ஏதோ இறங்கிவிட்டது, சொல்லப் போகிறாள் என்று எல்லோரும் அவள் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார்கள். அரை வார்த்தை பேசுகிறவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

"எனக்கு தீனம் ஆக்கும்" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

"நான் கண்டது அம்மை காட்டினது இல்ல. தலைவேதனைக்கு முன்னால வாற வெளிச்சம் ஆக்கும். டாக்டரைக் கண்டாச்சு. அமரவிளைச் சந்தையிலயும் கண்டேன், பஸ்ஸுக்க மேல. அம்மை அமரவிளையில எதுக்குக் கடலுமதிலு கெட்டுதா?"

பின்னால் யாரோ சிரித்து அடக்கினார்கள். மெற்றில்டா அவள் தோளில் கை வைத்தாள். "பயந்து சொல்லுதியா மக்கா? டாக்டருமாருக்கு இதெல்லாம் அறிஞ்சூடா. பரீட்சை காலமாக்கும் இது. நீ அம்மையை மறுதலிக்காதே."

"அம்மையை நான் மறுதலிக்கேல்ல அக்கா. கண்ணை மூடினாலும் அந்த மதிலு நிக்குது. வெளிய இருக்குத சாதனம் கண்ணை மூடினா மறையணும்லா?" இப்போது அவள் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் மைக்கை இறக்கவில்லை. "முதல்ல பாக்குததுக்க நடுவுல ஒரு ஓட்டை விழும். பிறவு அதுக்க ஓரத்துல பல்லு பல்லாட்டு வெளிச்சம் வரும். வளந்து வளந்து ஓரமாட்டுப் போயிரும். பிறவு ஒருபக்கத் தலை இடிக்கும், வாந்தி வரும். எப்ப வந்தாலும் இதே மாதிரி தான், ஒரு மாற்றமும் இல்ல. எனக்க வீடு தான் முதல்ல நிக்குது. உங்க எல்லாரையும் காட்டிலும் எனக்காக்கும் அந்த மதிலு வேணும். ஆனா மதிலு இல்ல. இல்லாத மதிலுக்கப் பின்னால பிள்ளைகளை இருத்தாதீங்க."

எவனோ ஒருத்தன், புருஷன் வீட்டை அரசாங்கத்துக்கு விற்றுவிட்டாள் என்று கத்தினான். இன்னொருத்தி சாத்தான் பேசுகிறான் என்றாள். நான் சேலையை இழுத்துச் சொருகினேன். அன்றைக்கு இரண்டு பேர் முடியாவது என் கையில் வந்திருக்கும். அதற்குள் நிக்கோலஸ் எழுந்தார். மெழுகுவர்த்தியைக் குருசடிப் படியில் வைத்தார். போய் ரெஷ்மாவிடம் மைக்கை வாங்கினார். அவளைத் திட்டப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"எனக்கும் உண்டு" என்றார்.



"பதினெட்டு வயசு முதல் உண்டு. இவ சொன்னதே தான், ஓட்டையும் பல்லும் இடியும். எஞ்சின் பிடிக்குதவனுக்குக் கண்ணு போவுது எண்ணு தெரிஞ்சா ஆரு வள்ளத்துல ஏத்துவா? கண்ணுல உப்புவெள்ளம் எண்ணு சொல்லித் துண்டைப் போட்டு மூடி, எஞ்சினை சிஜோவுக்க கையில குடுத்திருக்கேன். அவனுக்கும் தெரியாது." ஒருமுறை தொண்டையைச் செருமினார். "இவ கண்டது அம்மை காட்டினது எண்ணு நீங்க சொன்னப்ப, இத்தற காலமும் எனக்கும் அம்மை தான் காட்டித் தந்திருக்கா, நான் தான் மூடி வச்சிட்டேன் எண்ணு நெனச்சேன். அதாக்கும் நான் இங்க வந்து இருந்தது."

பழைய வீடு நின்ற பக்கம் கையைக் காட்டினார். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"எங்க அப்பனுக்க வீட்டைக் கடலு எடுத்த அன்னைக்குக் காலையிலயும் நான் அந்த மதிலைக் கண்டேன். அந்த வீட்டுக்க நேரே நிண்ணுது. இவ சொல்லுதது சரி. எழும்புங்க."

அவர் கரையில் நின்று எழும்புங்கள் என்றால் எழும்ப வேண்டும், அது எங்கள் ஊர் வழக்கம். சிஜோதான் முதலில் ஒரு கிழவியைத் தூக்கினான். பிறகு எல்லோரும் எழுந்தார்கள். நிக்கோலஸ் குருசடிக்குள் போய் மாதா சொரூபத்தைத் தோளில் எடுத்துக்கொண்டு வந்தார். அம்மையும் எங்களோடு முகாமுக்கு வந்தாள். எனக்கு வந்தது கோபம்தான், ஒளிக்க என்ன இருக்கிறது? இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகக் கூடக் குடியிருக்கிறேன், ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை அந்த மனிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு இருட்டறையில் கிடந்ததெல்லாம் இதுதானா? அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஃபிரிட்ஜை விட்டுவிட்டு மகளை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

வெளிச்சம் போவதற்குள் கடல் ஏறியது. பள்ளிக்கூட மாடியிலிருந்து பார்த்தோம். குருசடிப் படியில் எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்திகள் ஒரே அலையில் போயின. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் சுழன்றது. ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ரெஷ்மாவுக்கு அதற்குள் தலையிடி தொடங்கிவிட்டது, வகுப்பறை மூலையில் சுருண்டு கிடந்தாள். மெற்றில்டா அவள் பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துக்கொண்டு ஜெபம் சொல்ல வந்தாள். ரெஷ்மா வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்புவதைப் பார்த்ததும், மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு, தன் சேலைத் தலைப்பை நனைத்து அவள் நெற்றியில் வைத்தாள். அதைப் பார்த்ததால்தான் மெற்றில்டாவின் முடி இன்றும் அவள் தலையில் இருக்கிறது.

காலையில் கடல் இறங்கியபிறகு நானும் ரெஷ்மாவும் போனோம். என் வீட்டின் முன்சுவர் போயிருந்தது. அவள் அடுக்களை இருந்த இடத்தில் மணலும் தண்ணீரும். நீலப்பூ டைல் ஒன்று உடைந்து கிடந்தது, குனிந்து எடுத்துத் துடைத்துப் பார்த்தாள், பிறகு கீழே வைத்துவிட்டாள். வெயில் தண்ணீரில் விழுந்து கண்ணைக் குத்தியது. அவள் என் கையைப் பிடித்தாள்.

"வருது அக்கா."

"வா, போய்க் கிடப்போம். மாத்திரை எடுத்தியா?"

"கையில உண்டு. செத்த நில்லுங்க."

அவள் கடலைப் பார்த்தே நின்றாள். அவள் முகத்தில் பயம் இல்லை. 

"எங்க மக்கா நிக்குது?"

"நம்ம வீட்டுக்க நேரே. அடுக்களை நிண்ண எடத்துல. நல்ல பொக்கம், தென்னை ஒசரம் உண்டு அக்கா, நல்ல சேலும் அழகும் உண்டு." கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். "இப்பம் போயிரும். அதுவர பாத்துக்கிடுதேன்."

நான் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, அவள் கண்ணில் வெயில் படாமல் விரித்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.